ஆர்சி கார் லெக்சான் பாடி: வெட்டுவதும் விளிம்பைத் தேய்ப்பதும்

ரிமோட்டில் ஓடும் ஆர்சி காரின் பிளாஸ்டிக் மேலுடலான பாடி கிழிந்துவிட்டால் எல்லோரும் மோதலைத்தான் குறை சொல்வார்கள். கிழிசல் தொடங்கிய இடத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே கத்தரிக்கோல் நுனி விட்ட ஒரு சின்ன வெட்டு இருக்கும். இல்லையென்றால் கூர்மையான உள்மூலை, அல்லது தேய்க்காமல் விட்ட பிசிறு. லெக்சான் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பாலிகார்பனேட் தகட்டை 1 மி.மீ. தடிமனில் கையால் மடித்தாலும் உடையாது. ஆனால் விளிம்பில் ஒரு கீறல் இருந்தால், பாடி வளையும்போது விசை முழுவதும் அந்தப் புள்ளியில் போய்க் குவிந்து அங்கிருந்தே ஓடத் தொடங்கும். பாடி எவ்வளவு நாள் உழைக்கும் என்பதில் பாதி, வெட்டுகிற மேசையிலேயே முடிவாகிவிடுகிறது.

கையில் இருப்பது பாலிகார்பனேட்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். விலை குறைந்த பாடிகளில் சில பிவிசி அல்லது பெட் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) தகட்டில் வருகின்றன. எப்படியும் எறியப்போகும் ஓரத்திலிருந்து விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் இடுக்கியால் பிடித்து முக்குங்கள். பாலிகார்பனேட் ஏறக்குறைய 147 டிகிரியில்தான் இளகும், அதனால் கொதிநீரில் அசையாது. பிவிசியும் பெட்டும் 70, 80 டிகிரியிலேயே தளர்ந்து சுருண்டுவிடும். சென்னையில் இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. மே மாதத்து மதியம் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேல் பாடியை வைத்துவிட்டுப் போனால், பிவிசி பாடி திரும்பி வரும்போது கோணியிருக்கும். பாலிகார்பனேட் பாடி அப்படியே இருக்கும், டேப்பின் பசைதான் உருகி நகர்ந்திருக்கும்.

தடிமன் பற்றியும் ஒரு வார்த்தை. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள 1/10 டூரிங் காருக்கான பாடிகள் பொதுவாக 0.75 மி.மீ. அல்லது 1 மி.மீ. தகட்டில் செய்யப்படுகின்றன. முரட்டு ஓட்டத்துக்கான டிரக் பாடிகள் சில 1.5 மி.மீ. வரை போகும். இது அச்சில் வைப்பதற்கு முந்தைய தகட்டின் அளவு. சூடான தகடு அச்சின் உச்சியை முதலில் தொடுவதால் கூரை தடிமனாகவே நின்றுவிடும், கீழே இழுபடும் பகுதிகள் மெலியும். முன் பம்பரின் இரண்டு மூலைகளும் பின்பக்கக் கீழ் மூலைகளும்தான் இருப்பதிலேயே மெல்லியவை. கத்தியைக் கூரையில் அழுத்துவது போல அங்கே அழுத்தினால் ஒரே இழுப்பில் உள்ளே போய்விடும்.

கருவிகளுக்குப் பெரிய செலவு வேண்டாம். வளைந்த முனை கொண்ட லெக்சான் கத்தரி ஒன்று, சிறிய நேர் கத்தரி ஒன்று, ஓட்டையைச் சுற்றிச் சுற்றிப் பெரிதாக்கும் கூம்பு வடிவ ரீமர் ஒன்று, கூர்மையான கத்தி ஒன்று. கத்திக்கு நாங்கள் சொல்வது சர்ஜிக்கல் பிளேடு: 11ஆம் எண் பிளேடு, 3ஆம் எண் கைப்பிடி. பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிக்கல் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு பாடிக்கு ஒரு பிளேடு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய பிளேடு கோட்டை விட்டு வழுக்கும், வழுக்கியது கூரையில் கீறலாக நிற்கும், இல்லையென்றால் விரலில். உப்புத்தாள் 240, 400, 600 எண்களில் ஒவ்வொன்றிலும் ஒரு தாள். பெர்மனன்ட் மார்க்கர், 12 மி.மீ. மாஸ்கிங் டேப், கண்ணுக்குக் கண்ணாடி. ஒடித்து எடுக்கும் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது, கண்ணாடியைத் தவிர்க்காதீர்கள்.

ரிச்சி தெருவில் கிடைக்கும் மினி டிரில்லைப் பலர் முதல் வேலையாக வாங்குகிறார்கள். அதில் வெட்டும் சக்கரம் மாட்டி லெக்சானை வெட்டினால் வேகத்தில் சூடேறி, பிளாஸ்டிக் உருகி, வெட்டின் இரண்டு பக்கமும் தடித்த உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் கத்தியால் இரண்டு பாடி வெட்டிவிடலாம். டிரில்லுக்கு ஒரே இடம் உண்டு: சாண்டிங் டிரம் மாட்டி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில், வெட்டி முடித்த வீல் ஆர்ச்சை (சக்கரத்துக்கான வளைவுத் திறப்பை) வட்டமாகச் சீர்செய்வது. சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக் குத்தி ஓட்டை போடுவதை முற்றிலும் விட்டுவிடுங்கள். உருகி இறுகிய அந்த வளையத்தில் உள்ளிறுக்கம் தங்கிவிடுகிறது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

எதை எப்போது வெட்டுவது

தெளிவான பாடியின் உட்பக்கம்தான் பெயிண்ட் அடிப்போம். வெட்டுவது பெயிண்டுக்கு முன்பா பின்பா என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். எங்கள் முடிவு இது: பாடி தெளிவாக இருக்கும்போதே ஓட்டைகளையும் வீல் ஆர்ச்சுகளையும் முடித்துவிட வேண்டும், கீழ் விளிம்பை மட்டும் 8, 10 மி.மீ. கூடுதலாக விட்டுவைத்துப் பெயிண்டுக்குப் பிறகு இறுதியாக வெட்ட வேண்டும். தெளிவான பாடியை சேஸிஸ் மேல் வைத்தால் டயர், பாடியைத் தாங்கும் போஸ்ட், ஷாக் அப்சார்பரைப் பிடிக்கும் ஷாக் டவர் எல்லாம் உள்ளே தெரியும். பெயிண்ட் அடித்த பிறகு எல்லாமே ஊகம்தான். கூடுதலாக விட்ட கீழ்ப்பட்டை, பெயிண்ட் அடிக்கும்போது கையால் பிடிக்கவும் உதவும்.

வெளிப்பக்கம் ஒட்டி வரும் பாதுகாப்புப் படலத்தைக் கடைசிவரை உரிக்கக் கூடாது. அதன் மேலேயே மார்க்கரால் கோடு போடலாம். ஆனால் ஓட்டைகளிலும் ஆர்ச்சிலும் வெட்டிய இடத்தில் படலத்தின் ஓரம் தூக்கிக்கொள்ளும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் அந்த ஓரங்களை வெளிப்பக்கத்திலிருந்து மாஸ்கிங் டேப்பால் மூடாவிட்டால் பெயிண்ட் புகை உள்ளே நுழைந்து வெளிப்புறத்தில் படிந்துவிடும்.

போஸ்ட் ஓட்டைகள்

பாடி போஸ்ட்டுகளை முழு நீளத்தில் விட்டு, பாடியை மேலே வையுங்கள். முதலில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஆர்ச்சின் நடுவில் நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். டாமியா டிடி-02 போன்ற சேஸிஸில் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களின் இடைவெளி) 257 மி.மீ. அதற்கான பாடியானால் தானாகவே பொருந்தும், வேறு பாடியானால் 2, 3 மி.மீ. வித்தியாசத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அடுத்து, முன்பக்கத்திலிருந்து பார்த்து இடது வலது டயருக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து சமமாக்குங்கள். அதன்பிறகு, நேர் மேலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, முன் போஸ்ட்டுகளின் நடுப்புள்ளியை மட்டும் குறியுங்கள்.

நாலு ஓட்டைகளையும் ஒரே மூச்சில் குறிக்காதீர்கள். முன் இரண்டைப் போட்டு, பாடியை மாட்டி உட்கார வைத்தால் அது கொஞ்சம் கீழிறங்கி முன்னோ பின்னோ நகரும். பின் ஓட்டைகளை அதற்குப் பிறகு குறித்தால்தான் சரியாக வரும்.

குறித்த புள்ளியில் கத்தி முனையைச் சுழற்றி ஒரு சின்னக் குழி, பிறகு 2 மி.மீ. டிரில் பிட்டைக் கையிலேயே உருட்டி ஒரு வழிகாட்டி ஓட்டை. அதன்பின் ரீமர். பெரிய டிரில் பிட்டை நேராகப் போட்டால் தகட்டைத் துளைத்து வெளியேறும் கணத்தில் அது தகட்டைக் கவ்வி இழுக்கும், ஓட்டை முக்கோணமாகிவிடும் அல்லது ஓரத்தில் வெடிப்பு விழும். ரீமரிலும் கவனம் வேண்டியது ஒன்று: கூம்பு என்பதால் ஒரு சுற்று கூடினாலே ஓட்டை பெரிதாகிவிடும், பெரிதானதைச் சுருக்க வழியில்லை. வெர்னியரால் ரீமரை அளந்து, 6.5 மி.மீ. தடிமன் வரும் இடத்தில் டேப்பை இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். டேப் தகட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். கடைசி அரைச் சுற்றை உட்பக்கத்திலிருந்து சுற்றினால் உள்ளே தள்ளிய பிசிறும் போய்விடும்.

6 மி.மீ. போஸ்ட்டுக்கு 6.5 மி.மீ. ஓட்டை போதும். பானட் சரிவாக இருந்தால் போஸ்ட் சாய்வாக நுழைவது போல ஆகும், அங்கே முன்பின் திசையில் 7 மி.மீ. வரை நீள்வட்டமாக்குங்கள். இறுக்கமான ஓட்டையில் பாடியைத் தினமும் இழுத்துக் கழற்றினால் சீக்கிரமே ஓட்டையைச் சுற்றி நட்சத்திர விரிசல் வரும்.

வீல் ஆர்ச்

இதுதான் பாடி வேலையில் நேரம் கேட்கும் இடம். பாடியில் அச்சிட்ட வெட்டுக்கோடு இருந்தாலும் அதை அப்படியே நம்ப வேண்டாம். டயர் அளவும் சஸ்பென்ஷனும் காருக்குக் கார் மாறும். பாடியை மாட்டி, ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி, சஸ்பென்ஷனை அடிவரை அழுத்திப் பாருங்கள். அந்த நிலையில் டயரின் எந்த இடமும் பாடியைத் தொடக் கூடாது. சுற்றிலும் 4 மி.மீ. இடைவெளி என்று எடுத்துக்கொண்டால் 64 மி.மீ. டூரிங் டயருக்கு 72 மி.மீ. விட்ட ஆர்ச் வரும். முன் சக்கரத்துக்கு, திரும்பும்போது டயரின் முன்விளிம்பும் பின்விளிம்பும் வெளியே வருவதால், கீழ்ப்பக்கம் இன்னும் 2, 3 மி.மீ. விரித்துக் கொடுங்கள். மண்ணிலும் கற்களிலும் ஓடும் காருக்கு இந்த இடைவெளி போதாது, இரண்டு மடங்கு விடலாம்.

வட்டத்தை வரைய காம்பஸ் எடுத்தால் அதன் ஊசி நிற்க அந்த இடத்தில் கெட்டியான எதுவும் இருக்காது. இதற்கு ஒரு எளிய வழி உலோக வளையல். நம் ஊர் வளையல் அளவுகள் எல்லாம் அங்குலமும் அதன் பதினாறில் ஒரு பங்கும்தான். 2-12 என்றால் உள்விட்டம் இரண்டே முக்கால் அங்குலம், அதாவது 70 மி.மீ. 2-14 என்றால் 73 மி.மீ. 64 மி.மீ. டயருக்கு 2-14 வளையல் கச்சிதம். கண்ணாடி வளையல் வேண்டாம், பித்தளையிலோ ஸ்டீலிலோ தட்டையான பட்டை வளையலாகப் பாருங்கள். ஆர்ச்சின் நடுவைச் சக்கர அச்சோடு பொருத்தி, வளையலை வெளிப்பக்கம் வைத்து நாலு இடத்தில் டேப் போடுங்கள். கத்தி வளையலின் உள்விளிம்பை ஒட்டியே ஓட வேண்டும். இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: கத்தி வழுக்கினாலும் எறியப்போகும் பகுதிக்குள்தான் போகும், மிச்சம் வைக்கும் பகுதி வளையலின் மறுபக்கம் பத்திரமாக இருக்கும். ஆர்ச் வெளியே உப்பிய வடிவமாக இருந்தால் மட்டும் வளையல் படியாது, அங்கே டேப் ஒட்டி மார்க்கரால் கோடு போட்டு வளைந்த கத்தரியால் வெட்டுங்கள்.

கத்தியால் வெட்டுவது என்பது துளைப்பது இல்லை, கீறுவது. முதல் கீறல் எடையே இல்லாமல், பாதை போட மட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் அதே பள்ளத்தில், கொஞ்சம் அழுத்தி. 1 மி.மீ. தகட்டில் பாதித் தடிமன் வரை போனால் போதும். பிறகு கீழ் விளிம்பிலிருந்து கீறல் கோடு வரை கத்தரியால் விரலிடைக்கு ஒன்றாக நேர்வெட்டுகள் கொடுங்கள். வெட்டு கோட்டுக்கு 1 மி.மீ. முன்னாலேயே நிற்கட்டும். இப்போது ஒவ்வொரு துண்டாகக் குறடால் பிடித்து முன்னும் பின்னும் இரண்டு முறை ஆட்டினால் கோட்டோடு ஒடிந்து வரும். வராவிட்டால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், இன்னொரு முறை கீறுங்கள். இழுத்தால் ஒடிவது கோட்டை விட்டு ஆர்ச்சுக்கு மேலே ஓடும்.

கத்தரியால் வெட்டுவதிலும் ஒரு பழக்கம் வர வேண்டும். கத்தரியை முழுதாக மூடாதீர்கள். நுனிகள் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் ஒரு சின்னப் படி விழும், முதலில் சொன்ன கிழிசல் அந்தப் படியில்தான் பிறக்கிறது. அலகின் நடுப்பகுதியால் வெட்டி, மூடுவதற்கு முன் நிறுத்தி, கத்தரியை முன்னே தள்ளி மறுபடி வெட்டுங்கள். வளைந்த கத்தரியின் வளைவு ஆர்ச்சின் வளைவோடு ஒரே பக்கம் திரும்பியிருக்கட்டும்.

ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்துக்கு மறுபடி அளக்க வேண்டாம். முடித்த ஆர்ச்சின் மேல் தடித்த காகிதம் ஒன்றை ஒட்டி, விளிம்பை வரைந்து வெட்டுங்கள். சக்கர அச்சின் மையத்தையும் கதவுக்கோட்டையும் அதில் குறித்து, காகிதத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வர இதைவிட நல்ல வழி கிடையாது.

கீழ் விளிம்பும் உள்மூலைகளும்

நீளமான பக்கக் கோடுகளுக்குக் கத்தரியை எடுக்கவே வேண்டாம். டேப்பை நேராக ஒட்டி, அதன் ஓரமாகக் கத்தியால் மூன்று கீறல், பிறகு மடக்கி ஒடித்தால் கண்ணாடி வெட்டியது போலச் சுத்தமாக வரும். பம்பர் மூலைகளில் தகடு மெல்லியது என்பதால் அங்கே ஒரு கீறலோடு நிறுத்தி, மிச்சத்தைக் கத்தரியால் முடியுங்கள். பாடியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பது ஓடும் தரையைப் பொறுத்தது. வழவழப்பான தரையில் 5 மி.மீ. போதும். நம் தெருக்களிலும் மொட்டை மாடிகளின் ஓட்டுத் தளத்திலும் 8, 10 மி.மீ. இருந்தால்தான் முன் உதடு உரசிக் கிழியாமல் இருக்கும்.

ஆர்ச்சும் கீழ் விளிம்பும் சந்திக்கும் இடம், பின் பம்பரில் வெட்டும் செவ்வகத் திறப்பு, விங்குக்கான பிளவு என்று உள்மூலை எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் முதலில் மூலையில் 3 மி.மீ. ஓட்டை போட்டுவிட்டு, இரண்டு கோடுகளையும் அந்த ஓட்டையில் கொண்டுவந்து முடியுங்கள். 90 டிகிரி உள்மூலையை அப்படியே விட்டால் எவ்வளவு தேய்த்தாலும் அது ஒருநாள் கிழியும். வட்டமான மூலையில் விசை பரவிப் போய்விடும்.

விளிம்பைத் தேய்ப்பது பலர் கைவிடும் வேலை, நாங்கள் அதிகம் வலியுறுத்துவதும் இதைத்தான். 240இல் படிகளை மட்டம் செய்து, 400இல் பிசிறை எடுத்து, 600இல் முடியுங்கள். உப்புத்தாளை விரலில் சுற்றாமல் தட்டையான ஸ்கேலில் சுற்றுங்கள், ஆர்ச்சுக்கு மட்டும் மார்க்கர் பேனாவில் சுற்றுங்கள். விளிம்பின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு புதிய கீறல். முடிந்ததா என்று பார்க்க நகத்தை விளிம்பில் ஓட்டிப் பாருங்கள், எங்கும் தட்டக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் நல்லது. உலர்ந்த தூள் நிலைமின்னால் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு பெயிண்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

தேய்த்து முடித்ததும் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு உட்பக்கத்தைக் கழுவுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசையும் போக வேண்டும். காய்ந்த பிறகு உட்பக்கத்தை வெறும் கையால் தொடக் கூடாது. சென்னை வெயிலில் வியர்க்கும் கையோடு தொட்ட இடத்தில் பின்னால் பெயிண்ட் செதில் செதிலாக உரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் தனிப் பாடம், ஆனால் வெட்டிய விளிம்போடு சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள். பாலிகார்பனேட்டுக்கென்றே உள்ள பெயிண்ட் மட்டும்தான், டாமியாவில் பிஎஸ் வரிசை. டிஎஸ் வரிசை வேறு பிளாஸ்டிக்குக்கானது. புதுப்பேட்டையில் கிடைக்கும் கார் பெயிண்டும் என்சி தின்னரும் வேண்டவே வேண்டாம். தின்னர், அசிட்டோன், பெட்ரோல், பிரேக் கிளீனர் இவை பட்டால் பாலிகார்பனேட் உள்ளுக்குள் மயிரிழை வெடிப்புகளாக வெளுத்துவிடும், வெட்டிய விளிம்பில் அது இன்னும் வேகமாக நடக்கும். மார்க்கர் கறையைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். இரண்டாவது, ஐப்பசி கார்த்திகை மழை நாட்களில் ஸ்பிரே அடித்தால் ஈரம் படிந்து பெயிண்ட் வெண்மையாகப் பூத்துவிடும், மழை விட்ட காய்ந்த நாளுக்குக் காத்திருங்கள். மாஸ்கிங் டேப்பையும் பெயிண்ட் காய்ந்தவுடன் எடுத்துவிடுங்கள், நம் வெப்பத்தில் நாள்கணக்கில் விட்டால் பசை பாடியிலேயே தங்கும்.

விங்கை மாட்டும்போது திருகுக்கு லாக்டைட் போன்ற திரெட் லாக்கர் (திருகு கழலாமல் பிடிக்கும் திரவம்) போடக் கூடாது. அது கசிந்து தகட்டைத் தொட்டால் ஓட்டையைச் சுற்றி வெடிக்கும். நைலாக் நட்டும் அகலமான வாஷரும் போதும். நட்டை இறுக்கிப் பிழியாதீர்கள்.

பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஓட்டும் ஷார்ட் கோர்ஸ் டிரக்குகளுக்கு இன்னும் ஒரு வெட்டு தேவைப்படும். பெரிய பாடிக்குள் முன்னாலிருந்து புகும் காற்று பின்பக்கச் சுவரில் முட்டி, குதிக்கும்போது மூக்கைத் தூக்கிவிடும். பின் பம்பருக்கு மேலுள்ள தட்டையான பகுதியையும், டிரக்கின் பின்பக்கச் சரக்குத் தொட்டியின் அடித்தளத்தில் சில வட்டங்களையும் வெட்டித் திறந்தால் காற்று வெளியேறும். வட்டங்கள் 20 முதல் 25 மி.மீ. இருக்கட்டும், இரண்டு வட்டத்துக்கு நடுவில் குறைந்தது 10 மி.மீ. தகடு மிஞ்ச வேண்டும். எரிபொருளில் ஓடும் நைட்ரோ காரில் இன்ஜின் ஹெட்டுக்கும் எரிபொருள் மூடிக்கும் திறப்பு அவசியம். ஹெட்டைச் சுற்றி 10 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள், சூட்டில் விளிம்பு சுருங்கும்.

இத்தனைக்கும் பிறகு விரிசல் வந்தால், ஓட விடாமல் அன்றைக்கே நிறுத்துங்கள். விரிசலின் நுனி எங்கே முடிகிறது என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நுனியைத் தாண்டி 1 மி.மீ. தள்ளி 2 மி.மீ. ஓட்டை. பிறகு உட்பக்கம் ஃபால்ஸ் சீலிங் வேலைக்காரர்கள் பலகை இணைப்பில் ஒட்டும் ஃபைபர் மெஷ் டேப்பை, விரிசலின் இரண்டு பக்கமும் 15 மி.மீ. தாண்டும்படி வெட்டி ஒட்டி, மேலே ஷூ கூ என்ற செருப்பு ஒட்டும் பசையை மெல்லிசாகப் பூசி மெஷ்ஷுக்குள் அழுத்துங்கள். பெயிண்ட் அடித்த பாடியில் பெயிண்டின் மேலேயே பூசலாம். வேறு பசை எதையும் எறிந்த துண்டில் பூசி ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே பாடியில் வையுங்கள். சூப்பர் குளூ இறுகி நொறுங்கும், வளையும் தகட்டுக்கு அது ஆகாது. இதே மெஷ்ஷையும் ஷூ கூவையும் புதுப் பாடியிலேயே போஸ்ட் ஓட்டைகளைச் சுற்றியும் முன் ஆர்ச்சின் பின் மூலையிலும் முன்கூட்டியே போட்டு வைக்கலாம், மொத்தம் 10 கிராம்தான் கூடும். காய ஒரு முழு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள்.